உணவை அளக்கும் வினாக்கொத்து
மத்தியதரைக்கடல் உணவுமுறை பற்றிய அளவீடுகள்: ஒரு திறனாய்வு

உணவுக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பைத் தமிழ் மக்கள் பண்டுதொட்டே எண்ணி வந்துள்ளனர். திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம், மூலிகைகளின் பெயர்களை அடுக்காது, உண்ணும் அளவையும் உண்ணும் காலத்தையும் பற்றியே பெரிதும் பேசுகின்றமை கற்றோர் அறிந்ததே. அங்கே அளப்பவனும் உண்பவனும் ஒருவனே. தன் பசியையும் தன் செரிமானத்தையும் அவன் தானே அறிவான். ஆனால், ஒருவன் எதனை எவ்வளவு உண்கிறான் என்பதை வேறொருவர் அறிய வேண்டின் யாது செய்வது? ஆயிரக்கணக்கானோரின் உணவை அறிய வேண்டின் யாது செய்வது? இக்காலத்து உணவாராய்ச்சியின் அடிப்படையான இடர்ப்பாடு இதுவே.

இவ்விடர்ப்பாட்டுக்கு ஆராய்ச்சியாளர் கண்ட எளிய வழி வினாக்கொத்து ஆகும். சில வினாக்களைக் கேட்டு, விடைகளுக்குப் புள்ளியிட்டு, புள்ளிகளைக் கூட்டி, இன்னார் இன்ன உணவுமுறையை இவ்வளவு கடைப்பிடிக்கிறார் என்று முடிவு கூறுவர். இம்முறை மிகுதியாகக் கையாளப்பட்டது மத்தியதரைக்கடல் உணவுமுறை பற்றிய ஆய்வுகளிலேயாம். அவ்வளவீடுகள் எத்துணை நம்பகமுடையன, எவ்விடத்தில் அவற்றின் வலிமை முடிகின்றது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உணவுமுறை பெயர் பெற்ற வரலாறு

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1948ஆம் ஆண்டில், கிரேக்க அரசின் அழைப்பை ஏற்று அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனம் கிறீற்றுத் தீவின் வாழ்க்கைநிலையை ஆராய்ந்தது. அதனை நடத்திய லீலண்ட் ஓல்போ, 1953இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். தானியம், பருப்புவகை, காட்டுக்கீரை, பழம், ஒலிவ எண்ணெய் ஆகியனவே தீவினரின் உணவில் மிகுதியாக இருந்தன. இறைச்சியும் பாலும் மீனும் குறைவாகவே இருந்தன.

பின்னர் அமெரிக்க உடலியல் அறிஞர் அன்சல் கீஸ் 1958இல் ஏழு நாடுகளின் ஆய்வைத் தொடங்கினார். அமெரிக்கா, பின்லாந்து, நெதர்லாந்து, இத்தாலி, யூகோஸ்லாவியா, கிரேக்கம், யப்பான் ஆகிய நாடுகளில் 40 முதல் 59 வயது வரையுள்ள 12,763 ஆடவர் அதில் இடம்பெற்றனர். இதயநோயால் இறந்தோர் கிறீற்றில் மிகக் குறைவு என்பது அவ்வாய்வின் புகழ்பெற்ற முடிவு. அதன் பின்னரே, வறிய தீவு ஒன்றின் அன்றாட உணவு உலகம் முழுவதற்கும் உரிய முன்மாதிரியாகப் பேசப்படலாயிற்று. 2010இல் ஸ்பெயின், கிரேக்கம், இத்தாலி, மொறொக்கோ ஆகிய நான்கு நாடுகளின் மரபுரிமையாக யுனெஸ்கோ அதனை ஏற்றது. 2013இல் சைப்பிரசு, குறோவேசியா, போர்த்துக்கல் என்பனவும் சேர்க்கப்பட்டன.

கீஸ் குழுவினர் வினாக்கொத்தை மட்டும் நம்பினாரல்லர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. தெரிந்தெடுத்த சில வீடுகளில் ஏழு நாட்களுக்கு உண்ணப்பட்ட உணவை அவர்கள் நிறுத்துக் குறித்தனர். அவ்வுணவுக்கு நிகரான மாதிரிகளை இரசாயன முறையிலும் பகுத்தாய்ந்தனர். இது பெரும் உழைப்பும் பொருளும் வேண்டும் முறையாதலின் சிறு தொகையினரிடமே இயல்வது. பின்வந்தோர் பல்லாயிரவரை ஆராய விரும்பினர். ஆகவே தராசின் இடத்தை வினாக்கொத்து பிடித்தது.

புள்ளியிடும் இரு முறைகள்

மத்தியதரை உணவைப் புள்ளியிட்டு அளக்கும் முறைகள் பலவாயினும், அவற்றை இருவகையில் அடக்கலாம். முதலாவது வகைக்கு எடுத்துக்காட்டு, கிரேக்க அறிஞர் அந்தோனியா திறிகோப்பூலூவும் அவர்தம் குழுவினரும் அமைத்தது. 1995இல் கிரேக்கக் கிராமங்கள் மூன்றில் வாழ்ந்த முதியோர் 182 பேரிடம் அது முதலில் கையாளப்பட்டது. 2003இல் மீனும் சேர்க்கப்பட, 0 முதல் 9 வரையான புள்ளிமுறையாக அது விரிந்தது. 22,043 கிரேக்கர் அவ்வாய்வில் அடங்கினர். காய்கறி, பருப்பு, பழமும் கொட்டைகளும், தானியம், மீன் ஆகியவற்றை ஆய்வுக்குட்பட்டோரின் இடையத்துக்குக் குறையாது உண்பவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி பெறுவர். இறைச்சியையும் பாற்பொருளையும் இடையத்துக்குக் குறைவாக உண்பவரும் அவ்வாறே பெறுவர். கொழுப்புக்களின் விகிதத்துக்கும் அளவான மதுவுக்கும் எஞ்சிய இரு புள்ளிகள் உரியன. புள்ளி இரண்டு உயருந்தோறும் இறப்பு ஏறத்தாழ 25 வீதம் குறைந்து காணப்பட்டது என்பது அவர்களின் முடிவு.

இரண்டாவது வகைக்கு எடுத்துக்காட்டு, ஸ்பெயினில் பிறெடிமெட் என்னும் பேராய்வுக்கென அமைக்கப்பட்ட 14 வினாக்களாம். சமையலுக்கு முதன்மையாக ஒலிவ எண்ணெயைப் பயன்படுத்துகிறீரா, நாளொன்றுக்கு அதனில் நான்கு மேசைக்கரண்டியேனும் உட்கொள்கிறீரா, கிழமைக்கு மூன்று முறையேனும் பருப்புவகை உண்கிறீரா, மூன்று முறையேனும் மீன் உண்கிறீரா, ஏழு கிண்ணமேனும் திராட்சை மது அருந்துகிறீரா, தக்காளியும் வெங்காயமும் உள்ளியும் ஒலிவ எண்ணெயில் மெல்ல வதக்கிய கூட்டுடன் இரு முறையேனும் உணவு கொள்கிறீரா என்று இவ்வாறு வினாக்கள் செல்லும். விடை குறித்த எல்லையை எட்டினால் ஒரு புள்ளி, எட்டாவிடின் சுழியம்.

சிறுவர்க்கும் இளைஞர்க்கும் உரியதாக 2004இல் ஸ்பெயினில் வெளிவந்த 16 வினாக்களும் இவ்வகையினவே. அவற்றுள் 12 வினாக்கள் புள்ளியைக் கூட்டுவன. 4 வினாக்கள் குறைப்பன. காலையுணவை விடுப்பது குறைக்கும் வினாக்களுள் ஒன்று.

முதல்வகை அளவீட்டின் குறை வெளிப்படையானது. இடையம் என்பது ஆராயப்படும் கூட்டத்துக்குக் கூட்டம் மாறுவது. கிரேக்கக் கிராமத்தில் காய்கறியின் இடையம் உயர்ந்தது. வட ஐரோப்பிய நகரத்தில் தாழ்ந்தது. கிராமத்தில் ஒரு புள்ளியும் பெறாத ஒருவர், அதே உணவோடு வடக்கே சென்றால் ஒரு புள்ளி பெற்றுவிடுவார். வகுப்பில் இவன் எத்தனையாவது பிள்ளை என்று கூறுவது போன்றதே இவ்வளவீடு. முதற்பிள்ளை யாதும் அறிந்தவன் என்பதற்கு அது சான்றாகாது. வகுப்பு எத்தகையது என்பதையும் அறிந்தாக வேண்டும். எனவே ஒரு நாட்டின் 6 புள்ளியையும் மற்றொரு நாட்டின் 6 புள்ளியையும் ஒன்றாக வைத்துப் பேசுதல் பொருந்தாது.

இரண்டாம் வகை இக்குறையினின்றும் நீங்கியது. அதன் எல்லைகள் எங்கும் ஒன்றே. ஆயினும் அதற்கு வேறொரு குறை உண்டு. நான்கு கரண்டி எண்ணெய்க்கு ஒரு புள்ளி. மூன்றரைக் கரண்டிக்கு ஒன்றுமில்லை. மூன்றரைக்கும் அரைக்கும் இடையே உள்ள வேற்றுமை அதற்குப் புலப்படாது. அன்றியும், ஒலிவ எண்ணெயும் மதுவும் வதக்கிய கூட்டும் உடல்நலத்துக்குச் சமமானவை போல ஒவ்வொன்றும் ஒரே புள்ளியைப் பெறுகின்றன.

நம்பகமும் ஏற்புடைமையும்

அளவுகருவியொன்றைச் சோதிப்போர் இரு பண்புகளை வேறுபடுத்திக் காண்பர். ஒரே பொருளைப் பலமுறை அளந்தபோதும் ஒரே விடையைத் தருதல் நம்பகம். அளக்கக் கருதியதனையே அளத்தல் ஏற்புடைமை. எப்பொழுதும் இறாத்தலுக்குக் கால் இறாத்தல் குறைத்துக் காட்டும் தராசு நம்பகமுடையது, ஏற்புடையதன்று. வணிகன் நேர்மையற்றவனாயின் அத்தராசின் நம்பகமே அவனுக்கு ஊதியமாகும்.

நம்பகத்தை அறிவதற்கு அதே வினாக்களைச் சில கிழமைகளின் பின் மீண்டும் கேட்பர். விடைகள் ஒத்திருந்தால் கருவி நன்று என்பர். ஆனால் விடையளிப்பவர் தம் உணவை மீண்டும் நினைந்து கூறினாரா, முன்பு தாம் கூறிய விடையை நினைந்து கூறினாரா என்பதை அவ்வொப்புமை காட்டாது. இடைவெளியை நீட்டினால் உணவே மாறிவிடக்கூடும்.

இவ்விடத்தில் கிறீற்றின் நோன்பை நினைவுகூர்தல் தகும். கிரேக்க மரபுவழித் திருச்சபையின் நோன்புகளை முற்றாகக் கடைப்பிடிப்போர் ஆண்டில் ஏறத்தாழ 180 நாட்களை நோன்பில் கழிப்பர். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தவக்காலத்தில் இறைச்சி, பால், முட்டை ஆகியன விலக்கு. இரண்டொரு திருநாள்களில் அன்றி மீனும் விலக்கு. கடுநோன்பு நாட்களில் ஒலிவ எண்ணெயும் விலக்கு. தவக்காலம் முடிந்ததும் ஆட்டிறைச்சி விருந்து நிகழும். தவக்காலத்தில் ஒருமுறையும் விருந்துக்குப் பின் ஒருமுறையும் கேட்கப்பட்ட வினாக்களுக்கு ஒரே விடை வருமாயின், அக்கருவி நம்பகமானதா, குருடானதா? கீஸின் ஆய்விலேயே கிறீற்றில் நிகழ்ந்த உணவாய்வுகளுள் ஒன்று தவக்காலத்தில் அமைந்தது என்றும், அவர் ஒலிவ எண்ணெயின் பயனெனக் கண்டதில் நோன்பின் பயனும் கலந்திருக்கலாம் என்றும் பின்வந்த ஆராய்ச்சியாளர் சிலர் எடுத்துக்காட்டியுள்ளனர். வெள்ளிக்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் கறிச்சட்டி வேறாகும் வீடுகளில் வளர்ந்த வாசகர்க்கு இதன் உண்மையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வினாக்கள் தம்முள் எத்துணை இயைந்துள்ளன என்பதைக் காட்ட, குறொன்பாக் 1951இல் வகுத்த அல்பாக் குணகத்தையும் சிலர் கணிப்பர். உணவு வினாக்களில் அக்குணகம் தாழ்ந்து வருவதைக் கண்டு கருவி பழுதென்று முடிவு செய்தல் தவறாகும். கணிதத்தில் வல்ல மாணவன் ஒரு கணக்கைச் செய்தால் அதுபோன்ற மற்றொன்றையும் செய்வான் என்று எதிர்பார்க்கலாம். மீன் மிகுதியாக உண்பவர் பருப்பையும் மிகுதியாக உண்பார் என்று எதிர்பார்க்க ஏது இல்லை; மீன் கிடைத்த நாளில் பருப்பு வேண்டாதிருத்தலே இயல்பு. உள்ளத்தின் பண்புகளை அளப்பதற்கு எழுந்த சோதனையை உலைப்பானையின் மேல் ஏற்றுவது பொருந்தாது.

எண்கள் கூறும் உண்மை

ஸ்பெயினின் 14 வினாக்களை, 137 உணவுப்பொருள்கள் கொண்ட நீண்ட உணவு வினாக்கொத்தோடு ஒப்பிட்ட ஆய்வு 2011இல் வெளியாயிற்று. 7,146 பேர் அதில் அடங்கினர். இரு அளவீடுகளுக்கும் இடைப்பட்ட இணைவுக் குணகம் 0.52. சராசரியில் குறுகிய வினாக்கொத்தின் புள்ளி நீண்டதன் புள்ளியில் 105 வீதமாக இருந்தது. இதனைக் கண்ட ஆய்வாளர், குறுகிய வினாக்கொத்து ஏற்புடையது என்று முடிவு கூறினர்.

சராசரியளவில் அம்முடிவு குறைகூறத்தக்கதன்று. ஆனால் பிளாண்ட், ஓல்ற்மன் என்போர் வகுத்த முறைப்படி அவ்வாய்வாளரே கணித்த உடன்பாட்டெல்லைகள் 57 வீதமும் 153 வீதமும் ஆம். இதன் பொருள் யாதெனின், நீண்ட வினாக்கொத்தில் 8 புள்ளி பெற்ற ஒருவர், குறுகியதில் ஏறத்தாழ 5 புள்ளியும் பெறலாம், 12 புள்ளியும் பெறலாம். ஐந்து பெற்றவரை மருத்துவர் கண்டித்தனுப்புவார். பன்னிரண்டு பெற்றவரைப் பாராட்டியனுப்புவார். இருவரும் ஒருவரே. 0.52 என்னும் குணகத்தின் வர்க்கம் ஏறத்தாழ 0.27. அதாவது, ஒரு கருவியில் தோன்றும் வேறுபாட்டில் நான்கிலொரு பங்கையே மற்றது விளக்குகின்றது.

அன்றியும், நீண்ட வினாக்கொத்தும் வினாக்கொத்தே. உண்டதை மறப்பவர் இரண்டிலும் மறப்பார். நல்லவராகத் தோன்ற விரும்புபவர் இரண்டிலும் கீரையைக் கூட்டி இனிப்பைக் குறைப்பார். இரண்டு சாட்சிகள் ஒரே இடத்தில் கேட்டதைக் கூறுவாராயின், அவர்தம் உடன்பாடு உண்மைக்குச் சான்றாகாது.

சாட்சியைச் சாராத அளவு ஒன்று உண்டு. ஐதரசன், ஒட்சிசன் ஆகியவற்றின் பாரமான சமதானிகள் கொண்ட நீரைக் குடிப்பித்து, அவை உடலினின்றும் வெளியேறும் வேகத்தைச் சிறுநீரைக் கொண்டு அளந்து, உடல் செலவிடும் சக்தியை அறியலாம். நிறை மாறாத ஒருவரில் செலவு வரவுக்கு ஒப்பாகும். அமெரிக்காவில் 484 பேரிடம் இம்முறையைக் கையாண்டு 2003இல் வெளியிட்ட ஆய்வில், உணவு வினாக்கொத்தில் ஆடவர் தம் சக்தியுணவை 31 முதல் 36 வீதம் வரையும், பெண்டிர் 34 முதல் 38 வீதம் வரையும் குறைத்துக் கூறியிருந்தமை வெளிப்பட்டது. மூன்றிலொரு பங்கு உணவு ஏட்டில் ஏறாது போயிற்று. அவரெல்லாம் பொய்யர் என்று கொள்ளற்க. உணவு பழக்கத்தால் நிகழ்வது. பழக்கத்தால் நிகழ்வதை மனம் எண்ணி வைப்பதில்லை.

கற்பித்தவரே சோதித்தல்

பிறெடிமெட் ஆய்வு 2013இல் வெளியாகி, பங்கெடுத்தோரைக் குழுக்களாகப் பிரித்ததில் நேர்ந்த ஒழுங்கீனங்கள் காரணமாக மீளப்பெறப்பட்டு, திருத்தங்களுடன் 2018இல் மறுபடி வெளியாயிற்று. ஆனால் வினாக்கொத்தைப் பொறுத்தமட்டில் நோக்கத்தக்கது வேறொன்று. அப்பதினான்கு வினாக்கள் அளவுகருவியாக மட்டும் நிற்கவில்லை. எந்த உணவைக் கூட்ட வேண்டும், எதனைக் குறைக்க வேண்டும் என்று பங்கெடுத்தோர்க்கு அறிவுறுத்தும் பாடமாகவும் அவை பயன்பட்டன. தேர்வுக்குரிய வினாத்தாளையே ஆண்டு முழுதும் பாடமாக நடத்தி, ஆண்டிறுதியில் அதனையே கொடுத்தால், புள்ளி உயர்தல் உறுதி. அறிவு உயர்ந்ததா என்பது வேறு வினா. இந்நிலையை ஆசிரியரைவிட நன்கறிவார் யார்?

நடுநிலை வழுவாது கூறின், ஆய்வாளர் இதனை அறியாதவரல்லர். ஒலிவ எண்ணெயும் கொட்டைகளும் பங்கெடுத்தோர்க்கு இலவசமாக வழங்கப்பட்டன. அவற்றை அவர் உண்மையில் உண்டாரா என்பதை அறிய, ஒரு பகுதியினரின் சிறுநீரில் ஐதரொட்சிதைரசோல் என்னும் ஒலிவப் பொருளும், குருதியில் அல்பா லினோலெனிக்கமிலமும் அளக்கப்பட்டன. வினாக்கொத்தின் விடைகளுக்கு உடல் அளித்த இச்சான்று அவ்வாய்வின் சிறப்பாகும். ஆனால் அவ்வினாக்களை எடுத்தாளும் பிறர் எல்லாரும் இச்சான்றைத் தேடுவதில்லை; புள்ளியை மட்டுமே எடுத்துக்கொள்கின்றனர்.

வினா யாருடைய வாழ்க்கையைக் கேட்கின்றது?

இன்னுமொரு குறை எண்களால் புலப்படாதது. யுனெஸ்கோ ஏற்ற நான்கு நாடுகளுள் மொறொக்கோவும் ஒன்று. அங்கே செவ்சாவென் என்னும் ஊர் இவ்வுணவு மரபுக்கு எடுத்துக்காட்டான சமுதாயமாகக் குறிக்கப்பட்டது. அவ்வூரில், தம் சமயநெறி தவறாது மதுவை விலக்கி வாழும் முஸ்லிம் குடும்பம் ஒன்று, கிழமைக்கு ஏழு கிண்ண மதுவைக் கேட்கும் வினாவில் ஒரு புள்ளியை இழக்கும். மரபுக்கு உரியவரே மரபைக் கடைப்பிடியாதவராகக் கணிக்கப்படுவர்!

அதோஸ் மலையின் கிரேக்கத் துறவிகள் இறைச்சியை உண்பதேயில்லை. மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி ஆகியவற்றினும் கோழி, வான்கோழி, முயல் ஆகியவற்றை விரும்புகிறீரா என்ற வினாவுக்கு அவர் யாது விடை கூறுவர்? ஆம் என்றாலும் பொய். இல்லை என்றாலும் புள்ளியிழப்பு. புலால் மறுத்தலை ஒழுக்கமெனக் கொண்ட சைவர்க்கும் இவ்வினா விடையற்றதே.

எல்லாவற்றுக்கும் மேலாக, 1948இல் கிறீற்று மக்கள் கூறியது நினைவில் நிற்க வேண்டும். அவர்தம் உணவைப் பின்னர் உலகம் புகழ்ந்தது. ஆனால் ஓல்போவின் குழுவினர் கேட்டபோது, ஆறில் ஒரு குடும்பமே தன் உணவு போதியதென்றது. ஏனையோர் குறை கூறினர். அவர் மிக விரும்பியது இறைச்சி. இன்றைய வினாக்கொத்து அவர்களிடம் சென்றிருந்தால், இறைச்சி உண்ணாமைக்கு முழுப்புள்ளி அளித்திருக்கும். இல்லாமையால் உண்ணாதவரும், இருந்தும் தவிர்த்தவரும், நோன்பால் விலக்கியவரும் ஒரே புள்ளியைப் பெறுவர். கடைப்பிடித்தல் என்னும் சொல் மனத்தின் இசைவைக் குறிப்பது. வறுமையைக் கடைப்பிடித்தல் என்று எவரும் கூறார்.

முடிவு

இவ்வாறு கூறியதனால் வினாக்கொத்துக்களை எறிந்துவிட வேண்டும் என்பது கருத்தன்று. ஆயிரவரின் உணவை ஆயிரம் தராசுகளால் அளத்தல் இயலாது. அன்றியும் நிறுத்துக் குறிக்கும்போது உண்பவர் தம் உணவையே மாற்றிக்கொள்வதும் உண்டு. தராசும் முற்றும் குற்றமற்றதன்று. பெருங்கூட்டங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு வினாக்கொத்து பயன்தரும். தனியொருவரின் நலத்தைத் தீர்மானிப்பதற்கு அதன் வலிமை போதாது. இவ்விரு பயன்களையும் வேறுபடுத்தாமையே பிழைகளுக்கெல்லாம் வேர்.

ஆதலின், இத்தகைய அளவீட்டை வெளியிடுவோர் இணைவுக் குணகத்தோடு உடன்பாட்டெல்லைகளையும் முன்னிறுத்திக் காட்டல் வேண்டும். நோன்பும் விருந்தும் அறுவடையும் கருதி ஆண்டின் பல காலங்களில் வினாவுதல் வேண்டும். ஒரு பகுதியினரிடமேனும் உடலின் சான்றைப் பெறுதல் வேண்டும். கற்பிக்கும் வினாக்களும் சோதிக்கும் வினாக்களும் வேறாதல் வேண்டும். ஓரூரில் எழுந்த வினாவை மற்றோரூருக்குக் கொண்டு செல்பவர், மொழியை மட்டுமன்றி அடுக்களையையும் பெயர்த்தறிதல் வேண்டும். கூட்டிய புள்ளியை மட்டும் கூறாது, எந்த உணவு மிகுந்தது, எது குறைந்தது என்பதையும் உடன் கூறுதல் வேண்டும்.

முதிய கிராமத்தாள் ஒருத்தியிடம் 14க்கு 6 என்று கூறி அனுப்புவது எளிது. அவள் காட்டில் பறித்த கீரைக்கு அவ்வினாக்களுள் தனியிடம் இருந்ததா, அவள் நோன்பிருந்த நாட்கள் எண்ணப்பட்டனவா, இறைச்சியை வெறுத்தாளா அன்றி வாங்க இயலாதிருந்தாளா என்பவற்றை அறிந்த பின்னரே அவ்வாறென்னும் எண்ணுக்குப் பொருள் உண்டாகும். எண்ணைப் பெறுவதோடு ஆராய்ச்சி முடிவதில்லை. எண் எதனை விட்டுவிட்டது என்று கேட்கும்போதே அது தொடங்குகின்றது.